அம்மாவின் சீட்டுக் காசும் ஒரு பழைய டி480 லெப்டொப்பும்

ஜூன் கடைசியில் அம்மாவுக்குச் சீட்டு விழுந்தது. 90,000 ரூபா. தங்கச்சி பத்தனை ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரியில் படிக்கிறாள். பாடக்குறிப்பு, ஒப்படை, பவர்பொயின்ட் என்று எல்லாவற்றையும் இதுவரை ஃபோனிலும் கூட்டாளிமாரின் லெப்டொப்பிலும்தான் ஒப்பேற்றிக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒரு லெப்டொப் வாங்கச் சொல்லி அம்மா காசைக் கொடுக்கும்போது சொன்னது ஒன்றுதான்.

"புதுசா வாங்கு தம்பி. எப்பப் பார்த்தாலும் நமக்கு யாரோ பாவிச்சு விட்டதுதானா?"

அதற்கு என்னிடம் உடனே பதில் இருக்கவில்லை. தோட்டத்தில் 2025இல் ஒரு பேருக்கு, அதாவது ஒரு நாள் கூலி, 1,350 ரூபா. 90,000ஐ அதால் வகுத்தால் 67 பேர் வருகிறது, அதுவும் பிடித்தம் எதுவும் போகாத கணக்கில். 67 நாள் கொழுந்துக்கூடையைத் தலையில் மாட்டி எடுத்த காசில் நான் ஒரு தப்பு செய்தால், அதைத் திருத்த இன்னொரு சீட்டு விழும்வரை காத்திருக்க வேண்டும்.

தலவாக்கலை டவுனில் எனக்கு ஒரு சின்ன ஃபோட்டோகொப்பி, டைப்செட்டிங் கடை இருக்கிறது. திருவிழா நோட்டீஸ், மரண அறிவித்தல், தவணைப் பரீட்சை வினாத்தாள் எல்லாம் அடிப்பேன். கடையில் இருக்கும் இரண்டு டெஸ்க்டொப்பையும் பல தடவை கழற்றிப் பூட்டியிருக்கிறேன். லெப்டொப்பைத் திறந்ததில்லை. இது அந்த முதல் அனுபவத்தின் கதை.

முதலில் அம்மா சொன்னபடி புதுசைப் பார்க்கத்தான் போனேன். டவுனில் ஒரு கடையில் 98,500 ரூபாவுக்கு ஒன்று இருந்தது. அந்த விலைக்குள் 18 சதவீத வற் வரியும் இருக்கிறது. செலரோன் என்4020 ப்ராசஸர், 4 ஜிபி ரெம் (வேலை நடக்கும்போது பாவிக்கிற நினைவகம்), 64 ஜிபி ஈஎம்எம்சி சேமிப்பு. பார்க்க அழகாக இருந்தது. ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேலேதான் பாரம். இரண்டு வருட வாரண்டி. மூடியில் ஒரு கீறல் இல்லை. தங்கச்சியின் முகம் எனக்கு முன்னால் வந்து போனது.

முதலாளி நல்ல மனிதர், தெரிந்தவர். "கொஞ்ச நேரம் பாவிச்சுப் பார்க்கலாமா முதலாளி?" என்று கேட்டேன். ஸ்டூலை இழுத்துப் போட்டார். ஒன்றையும் திறக்காமல் டாஸ்க் மேனேஜரை மட்டும் பார்த்தேன். விண்டோஸ் 11 சும்மா நிற்கும்போதே ரெம்மில் முக்கால்வாசி போயிருந்தது. குரோமில் நாலு டாப், ஒரு வேர்ட் கோப்பு, பின்னால் ஒரு யூடியூப் பாடம். தங்கச்சி தினமும் செய்கிற வேலைதான். அம்புக்குறி சுட்டிக்குப் பின்னால் தயங்கித் தயங்கி வந்தது. தமிழில் அடித்த எழுத்து அரை விநாடி கழித்துத் திரையில் விழுந்தது.

மெதுவாக இருப்பதை நான் பொறுத்துக்கொள்வேன். பொறுக்க முடியாதது வேறு. அந்த மெஷினில் ரெம் மதர்போர்டிலேயே ஈயம் வைத்து ஒட்டப்பட்டது. சேமிப்பும் அப்படித்தான். ஈஎம்எம்சி என்பது விலை குறைந்த ஃபோன்களில் இருக்கிற அதே வகை. அதன் புதிய தரத்துக்குக்கூட உச்ச வேகம் விநாடிக்கு 400 எம்பி. லெப்டொப்பில் தனியாகப் பூட்டுகிற சேமிப்பான எஸ்எஸ்டியில் சாதாரண சாட்டா வகை 550 வரை போகும், என்விஎம்ஈ வகை 3,500க்கு மேலும் போகும். அதை விடுவோம். 64 ஜிபியில் விண்டோஸ் உட்கார்ந்த பிறகு மிச்சம் பாதிதான். பெரிய அப்டேட் ஒன்று வந்தால் அதை இறக்கவே இடம் தேடி அலைய வேண்டும். இரண்டு வருடம் கழித்து 4 ஜிபியை 8 ஆக்கலாம் என்று நினைத்தாலும் முடியாது. உள்ளே அதற்குத் துளையே இல்லை. பிறக்கும்போதே தலை கூரையில் முட்டிக்கொண்டு பிறந்த பிள்ளை.

"எழுதப் படிக்க இது போதும் தம்பி" என்றார் முதலாளி. பொய் சொல்லவில்லை. ஃபேஸ்புக் பார்க்கவும் ஒரு கடிதம் அடிக்கவும் போதும். அதற்கு அடுத்த படி ஐ3-1215யூ, 8 ஜிபி, 256 ஜிபி எஸ்எஸ்டி, 135,000 ரூபா. ஆறு கோர், அதாவது உள்ளே தனித்தனியாக வேலை செய்யும் ஆறு மூளை, உள்ள நல்ல ப்ராசஸர். அந்தக் காசு கையில் இருந்திருந்தால் இந்தப் பதிவை எழுதியிருக்க மாட்டேன், அதை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பேன். ஆனால் அதற்கு இன்னும் 34 பேர் வேண்டும்.

அப்புறம்தான் பாவித்த லெப்டொப் பக்கம் திரும்பினேன். அது ஒரு கடல். வெளிநாட்டுக் கம்பனிகள் மூன்று நாலு வருடம் பாவித்துவிட்டு மொத்தமாகக் கழித்துவிடும் ஒபிஸ் மெஷின்கள் இங்கே வருகின்றன. திங்க்பேட் டி வரிசை, லெட்டிட்யூட், எலைட்புக். இவை வீட்டுப் பாவனைக்குச் செய்யும் மலிவு மெஷின்களைப் போல இல்லை. கம்பனியின் ஐடி ஆள் கழற்றிப் பூட்டுவதற்காகவே செய்யப்பட்டவை. ஸ்க்ரூ தெரியும், ரெம்முக்குத் துளை இருக்கும், எஸ்எஸ்டி தனியாகக் கழன்று வரும்.

இதில் முதலில் படிக்க வேண்டியது ப்ராசஸரின் தலைமுறை. "ஐ7, சூப்பர் மெஷின்" என்று விளம்பரம் போடுவார்கள், எந்தத் தலைமுறை என்று போடமாட்டார்கள். ஐ5-8250யூ என்றால் கோட்டுக்குப் பிறகு வரும் 8தான் தலைமுறை. ஐ7-7500யூ ஏழாம் தலைமுறை. பெயரில் 7 இருந்தாலும் உள்ளே இரண்டு கோர்தான். எட்டாம் தலைமுறை ஐ5 யூ வரிசையில் நாலு கோர். ஒரே வருடத்தில் இரட்டிப்பான இடம் அது. ஆறாம் தலைமுறையிலிருந்து ஏழுக்கு வந்தபோது அப்படியொன்றும் நடக்கவில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. விண்டோஸ் 10க்கான வழக்கமான இலவச ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிய இருந்தது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையிலிருந்துதான் ஏற்றுக்கொள்ளும். ஆகவே ஏழாம் தலைமுறை திங்க்பேட் டி470 ஒன்று 58,000 ரூபாவுக்குக் கிடைத்தும் விட்டேன். அதில் விண்டோஸ் 11ஐ வளைத்து ஏற்ற வழி இருக்கிறது. விண்டோஸுக்குப் பதிலாக இலவச லினக்ஸ் போடுகிறவராக இருந்தால் அந்த 58,000 ரூபா மெஷின் அருமையான பேரம். நான் எனக்கு வாங்கியிருந்தால் அதைத்தான் எடுத்திருப்பேன். ஆனால் கல்லூரியில் கேட்பது வேர்டும் பவர்பொயின்டும். ஒவ்வொரு அப்டேட்டுக்கும் அண்ணனுக்குக் கோல் எடுக்கும் நிலையில் தங்கச்சியை வைக்க எனக்கு விருப்பமில்லை.

ஜூலை முதல் சனி, விடியக்காலை பஸ்ஸில் கொழும்புக்கு. ஹட்டன், கினிகத்தேனை, கித்துல்கல, அவிசாவளை. கினிகத்தேனை வரைக்கும் மழையும் பனியும், அவிசாவளைக்குப் பிறகு ஸ்வெட்டரைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்ளும் வெயில். பையில் லினக்ஸ் மின்ட் ஏற்றிய பென் டிரைவ், ஒரு ஹெட்ஃபோன், சதுரப் பின் மாற்றி, ஒரு டோர்ச். ஹொட்ஸ்பொட்டுக்கு ஃபோனில் டேட்டா. பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாஸாவை முதலில் ஒரு சுற்றுச் சுற்றினேன், விலையின் மேல் கீழ் எல்லை பிடிபடுவதற்காக. அதற்குப் பிறகுதான் மற்றக் கடைகளுக்கு.

ஒரு கடையில் நின்ற பையன் என் பேச்சைக் கேட்டதும் "அண்ணே எந்தப் பக்கம்?" என்றான். தலவாக்கலை என்றேன். "நான் பொகவந்தலாவ அண்ணே." முகம் மலர்ந்துவிட்டது. பிளேன்டீ வந்தது. ஊர்க்காரன் என்பதற்காக நான் சோதிக்காமல் விடவில்லை, நல்ல வேளை.

அவன் முதலில் காட்டியது பளபளவென்று இருந்தது. ஒன் செய்யும்போதே பயோஸுக்குள், அதாவது விண்டோஸுக்கு முன்னால் மெஷினை எழுப்பும் அடிப்படை மென்பொருளுக்குள், போகும் பொத்தானை அழுத்தினேன். பாஸ்வேர்ட் கேட்டது. "அது ஒண்ணும் செய்யாது அண்ணே, விண்டோஸ் ஓடுதுதானே." ஓடும்தான். ஆனால் நாளைக்குப் பென் டிரைவிலிருந்து பூட் செய்யவோ ஒரு செட்டிங் மாற்றவோ முடியாமல் போகலாம். இந்த வகை மெஷின்களில் அந்தப் பாஸ்வேர்ட் போர்டிலுள்ள சின்ன சிஎம்ஓஎஸ் பெட்டரியைக் கழற்றினால் போகிற பழைய காலத்துப் பூட்டு இல்லை, தனிச் சிப்பில் இருக்கிறது. அதைத் திருப்பிக் கொடுத்தேன்.

இரண்டாவதை ரீசெட் செய்து வைத்திருந்தார்கள். "ஹலோ" திரை வந்தது. என் ஹொட்ஸ்பொட்டில் இணைத்தேன். இரண்டு நிமிடத்தில் ஒரு வெளிநாட்டுக் கம்பனியின் பெயரும் சின்னமும் வந்து, "உங்கள் நிறுவன மின்னஞ்சலைக் கொடுங்கள்" என்றது. அந்த மெஷினின் அடையாளம் இன்னும் பழைய கம்பனியின் கணக்கில் பதிவாகி இருக்கிறது என்று அர்த்தம். நெட் இல்லாமல் செட்டப் செய்து தாண்டிவிடலாம் என்றான் பையன். அது உண்மை. ஆனால் எப்போதாவது மறுபடி விண்டோஸ் போட்டு நெட்டில் இணைத்தால் அந்தக் கம்பனி திரும்ப வந்து வாசலில் நிற்கும். கடையில் வைத்தே இணையத்தில் இணைத்துப் பார்க்காமல் எதையும் வாங்கக் கூடாது என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

மூன்றாவது திங்க்பேட் டி480. ஐ5-8350யூ, 8 ஜிபி, 256 ஜிபி எஸ்எஸ்டி, 1080பி ஐபிஎஸ் திரை. மூடியில் யாரோ ஒட்டியிருந்த சொத்து இலக்க ஸ்டிக்கரைப் பிய்த்த பசை, ஒரு மூலையில் பெயின்ட் உரிந்திருந்தது. பயோஸ் திறந்தது. ஹொட்ஸ்பொட்டில் இணைத்தேன், கம்பனி எதுவும் வரவில்லை. நோட்பேடில் ஒவ்வொரு கீயாக அடித்தேன். வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து திரையைப் பார்த்தேன். வலது கீழ் மூலையில் ஒரு மங்கல் புள்ளி, குனிந்து தேடினால்தான் தெரியும். யூஎஸ்பி துளை எல்லாவற்றிலும் பென் டிரைவைக் குத்தினேன். திரையை ஒரு கையால் பிடித்து மெல்ல முன்னும் பின்னும் ஆட்டினேன், கீல் இறுக்கமாகவே நின்றது.

எஸ்எஸ்டியைக் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருளில் பார்த்தபோது ஆரோக்கியம் 91 சதவீதம், ஓடிய நேரம் 9,800 மணித்தியாலம். பையன் கொஞ்சம் வெட்கப்பட்டான். எனக்கு அது பிடித்திருந்தது. நாளுக்கு 8 மணித்தியாலம் என்றால் 1,225 வேலை நாள், ஏறக்குறைய ஐந்து வருட ஒபிஸ் வாழ்க்கை. 2018இல் வந்த மொடலுக்குச் சரியாகப் பொருந்துகிற கணக்கு. 200 மணித்தியாலம் என்று காட்டியிருந்தால்தான் "இந்த டிஸ்க்கை எப்போது, ஏன் மாற்றினார்கள்?" என்று கேட்டிருப்பேன்.

பெட்டரிதான் அழுகை. டி480இல் இரண்டு பெட்டரி. உள்ளே 24 வொட்-அவர் ஒன்று, வெளியே கழற்றி மாட்டுவது ஒன்று. கமாண்ட் ப்ராம்ப்டில் பெட்டரி ரிப்போர்ட் எடுத்தால் புதிதில் எவ்வளவு, இப்போது எவ்வளவு என்று இரண்டும் வரும். உள்ளேயிருப்பது 17.1 பிடிக்கிறது. வெளியேயிருப்பது 24க்கு 8.6. பதினைந்து நிமிடம் யூடியூப் ஓடவிட்டேன், ஃபேன் பால் குக்கர் போலக் கத்தியது. இந்த இரண்டையும் சொல்லி விலை பேசினேன். 78,500 சொன்னது 74,500க்கு வந்தது. மூன்று மாதக் கடை வாரண்டி, பெட்டரிக்கு இல்லை. சார்ஜர் டைப்-சி, 65 வொட். கையில் எடுத்துப் பார்த்தேன், பாரமாக இருந்தது. போலிச் சார்ஜர் பெரும்பாலும் தீப்பெட்டி போல லேசாக இருக்கும்.

வீட்டுக்கு வந்த இரவு ஒரு தப்புச் செய்யப் பார்த்தேன். பஸ்ஸில் குளிரில் வந்த மெஷினை நேரே அடுப்படியில் வைத்து ஒன் செய்யப் போனேன். விறகடுப்பு எரிந்துகொண்டிருந்தது, மேலே சோற்றுப் பானை ஆவி. மூடியைத் தொட்டால் ஈரம். வெளியேயே இப்படிப் பூத்திருந்தால் உள்ளே போர்டின் மேல் என்ன நடந்திருக்கும்? காம்பராவில் துணி போட்டு மூடி வைத்துவிட்டு மறுநாள்தான் தொட்டேன். நம் பக்கத்து ஜூலையில் லெப்டொப்புக்குச் சூட்டைவிட ஈரம்தான் எதிரி.

மறுநாள் ஞாயிறு. தகரத்தில் மழை. மேசையில் வெள்ளை வேட்டி விரித்தேன், ஸ்க்ரூ விழுந்தால் தெரியட்டும் என்று. முதலில் பயோஸில் கான்ஃபிக், பவர் என்று போய் உள் பெட்டரியைத் துண்டிக்கிற தெரிவைக் கொடுத்தேன். மெஷின் அணைந்துவிடும். மறுபடி சார்ஜர் குத்தும்வரை உயிர் வராது. இது டி480இல் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். பெட்டரி வயரைத் தேடிப் பிடுங்காமலே போர்டைப் பயமில்லாமல் தொடலாம். பிறகு வெளிப் பெட்டரியைக் கழற்றினேன். அடி மூடியின் ஸ்க்ரூக்கள் கழன்று விழாமல் மூடியோடேயே நிற்கிற வகை. பிறகு பழைய ரீலோட் கார்ட் ஒன்றை மூலையில் நுழைத்து மெல்ல நகர்த்த வேண்டும். டக், டக், டக் என்று கிளிப் ஒவ்வொன்றாக விடும். ஐந்தாவதில் அவசரப்பட்டேன். "டக்" வரவில்லை, "சிடுக்" வந்தது. ஒரு பிளாஸ்டிக் பல் உடைந்து வேட்டியில் விழுந்தது. இன்றைக்கும் மூடியின் அந்த ஓரத்தை அழுத்தினால் லேசாக அமுங்கும்.

உள்ளே பார்த்தபோது ஃபேன் சுத்தமாகத்தான் தெரிந்தது. ஏமாந்துவிட்டேன். சூட்டை இழுத்து வெளியேற்றும் ஹீட்சிங்கின் ஸ்க்ரூக்களை மூலைக்கு மூலை கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி, ஃபேன் வயரை நகத்தால் தள்ளிக் கழற்றி, முழுவதையும் வெளியே எடுத்தேன். ஃபேனுக்கும் செப்புத் தகடுகளுக்கும் நடுவில் இருந்தது குப்பை. தூசி என்று சொல்ல முடியாது, கம்பளி. சாம்பல் நிறத்தில், நீளமாக, இறுகிப் படிந்த ஒரு பட்டை. பல் குத்தும் குச்சியால் ஒரு முனையைக் கிளப்பினால் முழுதாகவே உரிந்து வந்தது. ஐந்து வருடம் யாரோ ஒருவரின் ஒபிஸ் கார்ப்பெட், அது என் உள்ளங்கையில். ஃபேன் எவ்வளவு சுற்றினாலும் காற்று அந்தக் கம்பளியில் முட்டித் திரும்பியிருக்கிறது.

ப்ராசஸரின் மேலிருந்த, சூட்டைக் கடத்தும் பழைய பேஸ்ட் காய்ந்த சுண்ணாம்பு போல உதிர்ந்தது. பார்மசியில் வாங்கிய ஸ்பிரிட்டைப் பஞ்சில் நனைத்து இரண்டு பக்கமும் துடைத்தேன், சில்லு கண்ணாடி மாதிரி முகம் காட்டும்வரை. புதுப் பேஸ்ட் ஒரு பயறளவு. இது உரொட்டிக்கு மாஜரின் பூசுகிற வேலை இல்லை, கூடினால் ஓரத்தால் வழியும். திருப்பிப் பூட்டியபோது மனம் பக் பக்கென்றது. சார்ஜரைக் குத்தினேன். விளக்கு எரிந்தது. முந்தைய நாள் வேலை கொடுத்தபோது 96 பாகை செல்சியஸ் வரை போனது, அதே வேலையில் இப்போது 79இல் நின்றது. சத்தம் பாதியாகிவிட்டது.

அத்தோடு நின்றிருக்கலாம். ஆசை விடவில்லை. 8 ஜிபி ஒரே துண்டாக இருந்தது, பக்கத்துத் துளை காலி. இன்னொரு 8 ஜிபி போட்டால் மொத்தம் 16, இரட்டைப் பாதையில் ஓடும், உள்ளேயே இருக்கும் கிராஃபிக்ஸுக்கும் நல்லது. டவுனில் ஒரு கடையில் பாவித்த டிடிஆர்4 ரெம் துண்டு ஒன்று 5,500 ரூபாவுக்கு வாங்கிப் போட்டேன். 16 ஜிபி என்று காட்டியது. பெருமையாக இருந்தது. மூன்றாம் நாள் தங்கச்சி வேர்டில் அடித்துக்கொண்டிருக்கும்போது நீலத்திரை. மெமரி மேனேஜ்மென்ட் என்று எழுதியிருந்தது. அன்று மாலையே இன்னொன்று.

"நீங்க கழட்டினதாலதான் அண்ணா" என்றாள். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

இரவு மெம்டெஸ்ட்86+ஐப் பென் டிரைவில் ஏற்றி ஓடவிட்டேன். இது விண்டோஸே இல்லாமல் ரெம்மின் ஒவ்வொரு அறையிலும் எழுதி, திருப்பிப் படித்துப் பார்க்கும் கருவி. பத்து மணிபோல கரண்ட் போனது. இருட்டில் அந்த நீலத் திரை மட்டும் எரிந்துகொண்டு, எண்கள் ஓடிக்கொண்டே இருந்தன. கழித்துப் போட வேண்டும் என்று நான் திட்டிய அந்தப் பெட்டரிகள்தான் முக்கால் மணித்தியாலம் தாங்கின. கரண்ட் வந்து கொஞ்ச நேரத்தில் சிவப்பு வரிகள் கொட்டத் தொடங்கின. பிழை, பிழை, பிழை.

ஆனால் பிழை துண்டிலா, துளையிலா? துளையில் என்றால் மதர்போர்டே போச்சு. ஆகவே பழைய துண்டை மட்டும் வைத்து முதல் துளையில் ஒரு சுற்று, அதையே இரண்டாவது துளையில் ஒரு சுற்று. இரண்டும் சுத்தம். புதிதாக வாங்கியதை மட்டும் வைத்தேன், பத்து நிமிடத்தில் சிவப்பு. விடியும்போது குற்றவாளி கையில் இருந்தது. கடைக்காரர் முதலில் முகம் சுளித்தார். திரையை ஃபோனில் பிடித்த படத்தைக் காட்டியதும் மாற்றிக் கொடுத்தார். அந்தத் துண்டு இன்றுவரை பிழையில்லாமல் ஓடுகிறது. ரெம் போட்டவுடன் ஓர் இரவு மெம்டெஸ்ட் ஓடவிடுவது இனி என் கடையில் வழக்கம்.

வெளிப் பெட்டரி 40 சதவீதத்திலிருந்து பொத்தென்று 5க்கு விழுகிற நிலைக்கு வந்தது. ஹொஸ்டலில் கரண்ட் போனால் எழுதியது எல்லாம் போகும். 48 வொட்-அவர் உள்ள, கம்பனி அல்லாத பெட்டரி ஒன்று 12,000 ரூபாவுக்கு எடுத்தேன். கொஞ்சம் தடித்தது, மாட்டினால் லெப்டொப் பின்பக்கம் உயர்ந்து நிற்கும், டைப் அடிக்க அது வசதியாகக்கூட இருக்கிறது. உள்ளே ஒரு பெட்டரி இருப்பதால் மெஷினை அணைக்காமலே வெளியேயிருப்பதை மாற்றலாம். இப்போது சாதாரண வேலைக்கு ஆறு மணித்தியாலம் நிற்கிறது என்கிறாள்.

விண்டோஸுக்குக் காசு கொடுக்கவில்லை, திருட்டு ஆக்டிவேட்டரும் போடவில்லை. விண்டோஸோடு விற்ற இந்த வகை மெஷின்களில் அதன் உரிம இலக்கம் பெரும்பாலும் பயோஸ் சிப்பிலேயே பதிந்திருக்கும். மைக்ரோசொஃப்ட் தளத்திலிருந்து இறக்கிய விண்டோஸ் 11ஐப் புதிதாகப் போட்டு நெட்டில் இணைத்ததும் தானாகவே உயிர் பெற்றது. நம் ஆட்கள் பலருக்கு இது தெரியாமல் "விண்டோஸ் அடிக்க" என்று 2,000, 3,000 கொடுக்கிறார்கள். தமிழ்க் கீபோர்டும் அதற்குள்ளேயே இருக்கிறது. பழைய வினாத்தாள்களுக்காகப் பாமினி எழுத்துருவையும் போட்டுக் கொடுத்தேன். அது இல்லாவிட்டால் ஆசிரியர்கள் அனுப்பும் கோப்பெல்லாம் இங்கிலீஷ் எழுத்தைக் கொட்டிக் கிளறிய மாதிரித்தான் திறக்கும்.

சரி, கணக்கு. மெஷின் 74,500. ரெம் 5,500. பேஸ்ட், ஸ்பிரிட், தூரிகை 1,450. பெட்டரி 12,000. கொழும்பு போய் வந்த பஸ் காசும் சாப்பாடும் 2,300. மொத்தம் 95,750. சீட்டுக் காசுக்கு மேலே 5,750 என் கையிலிருந்து போனது. அந்தப் புது செலரோனுக்கும் இதற்கும் வித்தியாசம் 2,750 ரூபாதான், இரண்டு பேர் கூலி. ஆக, "பழசு வாங்கினால் மலிவு" என்று யாராவது சொன்னால் நான் தலையாட்ட மாட்டேன். என் இரண்டு ஞாயிறையும் ஒரு இரவுத் தூக்கத்தையும் இதில் சேர்க்கவே இல்லை. ஸ்க்ரூ டிரைவர் பிடிக்க ஆள் இல்லாத வீட்டில், திருத்துகிறவனுக்குக் கூலியும் கொடுத்தால் கணக்குப் புதுசைத் தாண்டிவிடும். அப்படிப்பட்ட வீட்டுக்கு நான் இதைச் சொல்லமாட்டேன். இன்னும் கொஞ்சம் சேர்த்து அந்த 8 ஜிபி ஐ3ஐயே எடுங்கள் என்பேன்.

எங்கள் விஷயத்தில், கிட்டத்தட்ட அதே காசில் நாலு கோர், 16 ஜிபி, நல்ல திரை வந்தது. நாளைக்கு எஸ்எஸ்டி போனால் எஸ்எஸ்டியை மட்டும் மாற்றுவேன். கீபோர்ட் போனால் கீபோர்டை மட்டும். காசு வருகிறபோது ஒவ்வொன்றாகச் செய்யலாம். சீட்டில் வாழ்கிற வீட்டுக்கு அந்த வசதி பெரிது.

அம்மாவிடம் காட்டிய நாள் அவருக்கு இது ஒன்றும் தெரியவில்லை. மூடியைத்தான் பார்த்தார். விரலால் அந்தப் பசையைத் தடவினார். "யாரோட பேரோ ஒட்டியிருந்திருக்கு." அதற்கு மேல் பேசவில்லை. எழுந்து அடுப்படிக்குப் போனார். கோபம் என்று நினைத்தேன். தேங்காய் எண்ணெய்ப் போத்தலோடும் பழைய சேலைத் துண்டோடும் வந்து, கூரைக்குக் கீழே வெளிச்சமாக இருந்த இடத்தில் உட்கார்ந்து, எண்ணெயை இரண்டு சொட்டு விட்டு வட்ட வட்டமாகத் தேய்த்தார். நான் ஸ்பிரிட் போட்டுப் பார்த்து பெயின்ட் மங்கிவிடும் என்று விட்ட பசை அது. கால் மணித்தியாலத்தில் திரண்டு உருண்டு வந்துவிட்டது. பிறகு சேலைத் துண்டின் காய்ந்த பக்கத்தால் முழு மூடியையும் துடைத்து, தங்கச்சியிடம் நீட்டினார்.

"இந்தா. இப்பப் புதுசு."

தங்கச்சி அதைக் கொண்டுபோய் இப்போது ஒன்றரை மாதம். பையில் இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டுக் கொடுத்திருக்கிறேன், சப்பாத்துப் பெட்டியில் கிடைத்தவை. இடி மின்னல் வந்தால் சார்ஜரைப் பிடுங்கச் சொல்லியிருக்கிறேன். ஒக்டோபர், நவம்பரில்தான் அது சோதனைக்கு வரும். போன கிழமை கோல் எடுத்தாள்.

"அண்ணா, திரும்ப ஃபேன் சத்தம் போடுது."

எங்கே வைத்துப் பாவிக்கிறாய் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை.

"கட்டில்ல. குளிருக்குக் கம்பளிக்குள்ள."

ஞாயிற்றுக்கிழமை பத்தனைச் சந்திக்குப் போக வேண்டும். கடையில் கிடந்த பிளைவுட்டை ஒன்றரை அடிக்கு ஓரடியாக வெட்டி, ஓரத்தை மண்தாள் போட்டுத் தேய்த்து வைத்திருக்கிறேன்.